காக்கை விரட்டியவர்

ஏப்ரல் 13

தேதி பார்த்துத்தான் இன்று கிளம்பினேன். 1930இல் இதே நாளில் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி ஏறக்குறைய நூறு பேரைக் கூட்டிக்கொண்டு வேதாரண்யத்துக்கு நடந்தார். அவர்களுக்குப் பதினைந்து நாள் பிடித்தது. என்னிடம் ஒரு பழைய வண்டி, ஒரு கேமரா, அதைப் பிடிக்க ஒரு தம்பி. ஆவணப்படத்துக்கு முதல் போட்டவை என் இரண்டு வளையல்கள். இப்போது அவை மன்னார்குடியில் அடகுக் கடையில் பத்திரமாக இருக்கின்றன.

"உப்புச் சத்தியாகிரகத்த பத்தி இன்னொரு படமா?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். நடந்தவர்களைப் பற்றி எடுக்கப் போவதில்லை, அவர்களுக்குச் சோறு போட்டவர்களைப் பற்றி எடுக்கப் போகிறேன் என்றேன். அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தண்டோரா போட்டு, துண்டுப் பிரசுரமும் அடித்தார். ஊர்க்காரர்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் அண்டாவோடு புதைத்துவிட்டு அடையாளம் வைத்தார்கள். இந்தக் கதையைக் கேட்காத டெல்டாக்காரர் குறைவு.

எனக்கு இருக்கும் சிக்கல் வேறு. யார் கண்ணிலும் படக்கூடாது என்று செய்த காரியம் இது. யார் கண்ணிலும் படாததால்தான் நடந்தும் முடிந்தது. அதை எப்படிப் படம் பிடிப்பது?

ஏப்ரல் 15

வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றிலிருந்து பதில் வந்திருக்கிறது. கப்பல் ஏறக் காத்திருக்கும் தமிழ்க் கூலிகள், எட்டு வினாடித் துண்டு. பார்ப்பதற்கு இலவசம், படத்தில் போட வினாடிக்கு இவ்வளவு என்று பவுண்டில் போட்டிருக்கிறார்கள். எட்டு வினாடிக்கு என் வளையல் இரண்டும் போதாது.

மங்கலான மாதிரிப் பிரதியை நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தேன். நடுவில் நேரம் காட்டும் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கேமரா நிற்பது மேடான இடத்தில், துரை நின்றிருக்கக்கூடிய இடத்தில். ஒரு பெண் மட்டும் தலையில் மூட்டையோடு நிமிர்ந்து பார்க்கிறாள். அவள் பாட்டியோ பேத்தியோ இந்தப் பக்கத்து ஊர்களில் எங்காவது இருந்திருப்பார்கள். அவள் முகத்தை நம் ஊர்ச் சுவரில் காட்ட அங்கே பணம் கட்ட வேண்டும்.

துண்டை வாங்கப் போவதில்லை. அந்த விலைப்பட்டியலையே திரையில் போடலாமா என்று தம்பியிடம் கேட்டேன். "போடலாம்க்கா, அதுக்கும் காசு கேப்பாங்களோ?" என்கிறான்.

ஏப்ரல் 18

கும்பகோணத்தில் நண்பர் வீட்டு மாடி. இரவெல்லாம் சண்டை. படத்துக்குப் பின்னணிக் குரல் வேண்டும் என்கிறார் நண்பர். "காவிரித் தாய் பாய்ந்தோடும் தஞ்சைத் தரணியிலே" என்று கனத்த ஆண் குரல் ஒன்று ஆரம்பித்தால்தான் ஜனங்கள் உட்காருவார்களாம்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? உலகப் போர் சமயத்தில், 1943இல், வெள்ளைக்கார அரசு இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா என்று ஒன்றைத் தொடங்கிப் பிரச்சாரப் படம் எடுத்தது. கொட்டகைக்காரர்கள் கட்டாயம் போட்டாக வேண்டும். சுதந்திரம் வந்து 1948இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் பிறந்தது, கட்டாயமும் திரும்பி வந்தது. படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் குரல்தான் ஆவணப்படம். கொடி மாறியது, மேலேயிருந்து பேசும் தொனி மட்டும் மாறவில்லை.

இன்னொரு வழியும் நம்மிடம் இருந்தது. ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றி 1940இல் ஒரு படம் வெளியிட்டார். நாடு நாடாக அலைந்து 50,000 அடி ஃபிலிம் சேர்த்து அதை 12,000 அடியாகச் சுருக்கினார். அரசுக் காசு இல்லை, அரசுக்குப் பிடித்த ஆளும் இல்லை. கோட்டையூர்க்காரர் ஒருவர் இதைச் செய்திருக்கும்போது, சுயாதீன ஆவணப்படம் என்றதும் நாம் ஏன் லண்டனையும் பாரிஸையும் பேச ஆரம்பிக்கிறோம் என்று தெரியவில்லை.

சண்டை முடியவில்லை. காலையில் டிகிரி காபியோடு சமாதானம்.

ஏப்ரல் 21

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு ஊர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தெற்குத் தெருவில் எண்பதைத் தாண்டிய ஓர் அப்பாயி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். "வேகாத வெயில்ல ஃபேன நிறுத்தச் சொல்றியே பாப்பா, நீ நல்லாருப்பியா" என்று சொல்லிக்கொண்டே அவரே நிறுத்தினார்.

பொட்டலம் கட்டிய கதை தெரியுமா என்று கேட்டேன்.

"கட்டுனவங்க கத எனக்கு என்னா தெரியும்? எங்க மாமனாரு காக்கா வெரட்டுனவரு."

எனக்குப் புரியவில்லை.

"ஏம்மா, சோத்த எலையில கட்டி மரத்துல தொங்கவுட்டா மனுசனுக்கு முன்னாடி காக்காதான வரும்? பத்து காக்கா கூடிக் கத்துனா ரோட்டுல போற போலீசுக்காரன் அண்ணாந்து பாக்க மாட்டானா? அதுக்கு ஒரு ஆளு வேணும்ல. பண்ணையில மாடு மேய்ச்சவரு அவரு, அப்ப பத்துப் பன்னெண்டு வயசு இருக்கும். விடியுறதுக்கு முன்ன மரத்தடியில கொண்டாந்து உட்டுட்டாங்களாம். ச்சூன்னு சத்தங்கூடப் போடக்கூடாதாம். துண்ட வெச்சே வெரட்டணும்."

"எவ்வளவு நேரம்?"

"அவங்க வர்ற வரைக்கும். ரெண்டு நாளு நின்னேன்னு சொல்லுவாரு. ஒரு நாளுன்னும் சொல்லுவாரு."

"பொட்டலத்துல என்ன சோறு அப்பாயி?"

"புளிச்சோறாம். வாசன மூக்கத் தொளைக்குமாம்."

"அவருக்குக் கொடுத்தாங்களா?"

கீரை உருவிய கை நின்றது. சிரித்தார். "அவருக்குக் கஞ்சிதான். அந்தப் பொட்டலத்த இவரு தொடக்கூடாதுல்ல. தொட்டா அப்பறம் யாரு திம்பா?"

மறுபடி கீரைக்குப் போய்விட்டார். ஆடு கத்தியது, பக்கத்து வீட்டு செல்போன் பாடியது, எல்லாம் மைக்கில் விழுந்திருக்கிறது. எதையும் வெட்டப் போவதில்லை.

இத்தனை நாள் "மக்கள் பொட்டலம் கட்டினார்கள்" என்றே நானும் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த 'மக்கள்' என்ற சொல்லுக்குள் கட்டியவர் யார், புதைக்கக் குழி வெட்டியவர் யார், காக்கை விரட்டியவர் யார் என்று ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

ஏப்ரல் 22

மறுபடி அதே வீடு. அப்பாயியின் மகன் ஒரு பழைய துணிப்பையிலிருந்து தாள்களை எடுத்துக் காட்டினார். தாத்தா தியாகி பென்ஷனுக்கு மனுப் போட்டிருக்கிறார். அலுவலகம் அனுப்பிய பதிலில் ஒரே வரிதான்: சிறைச் சான்று இணைக்கப்படவில்லை.

விதி அதுதான். மத்திய அரசு பென்ஷனுக்குப் பொதுவாக ஆறு மாதம் சிறை, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் மூன்று மாதம். தலைமறைவாக இருந்தேன் என்றாலும் தேடப்பட்டதற்கு அன்றைய அரசின் பதிவு வேண்டும். வேதாரண்யத்தில் நாவிதர் வைரப்பன், போலீசுக்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கினார், சிறைக்குப் போனார். அவர் பெயரை ஊர் இன்றைக்கும் சொல்கிறது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தப் பையன் தன் வேலையைச் சரியாகச் செய்தான், மாட்டிக்கொள்ளவில்லை. ஒரு காக்கை கத்தி, ஒரு போலீசுக்காரர் அண்ணாந்து பார்த்திருந்தால் சான்று கிடைத்திருக்கும்.

நம் தியாகத்துக்கு வெள்ளைக்காரன் ஜெயில் பதிவேடுதான் சாட்சிக் கையெழுத்து. இதைப் படத்தில் யாரும் சொல்ல வேண்டியதில்லை, அந்தத் தாளைக் காட்டினால் போதும். மடிப்பு மடிப்பாக ஒடிந்திருக்கிறது. நான்கு மடிப்பிலும் செல்லோ டேப்.

ஏப்ரல் 25

வண்டி பஞ்சர். பேட்டரி சார்ஜர் புகைந்துவிட்டது. தம்பியும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 28

அகஸ்தியம்பள்ளி உப்பளம். விடியற்காலை நாலரைக்கே பாத்தியில் ஆட்கள். சூரியன் ஏறிவிட்டால் வெள்ளை கண்ணைக் குத்தும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டும் எல்லாம் வெளுத்துப்போகிறது. வரப்பில் அம்பாரமாகக் குவித்த உப்பின் மேல் கீற்று போட்டிருந்தது. ஓர் அக்கா பலகையால் உப்பை இழுத்து வாரும்போது எழும் சத்தம் இருக்கிறதே, ஈர மணலும் இல்லை, கண்ணாடித் தூளும் இல்லை. அதை மட்டும் பத்து நிமிடம் பதிவு செய்தேன்.

அவர் குதிகாலை நெருக்கத்தில் எடுக்கலாமா என்று கேட்டேன். வெடிப்புகளில் உப்பு ஏறி வெள்ளைக் கோடுகளாக நிற்கிறது. "போன வருசம் வந்தவங்களும் காலத்தான் எடுத்தாங்க. மூஞ்ச எடுங்க" என்றார். எடுத்தேன். கறுப்புக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, கேமராவைப் பார்த்து ஒரு நிமிடம் அசையாமல் நின்றார்.

உப்பு வரி 1947இல் போனது. "வரி போச்சுன்னு சொல்றீங்க, கூலி ஏறுச்சான்னு கேட்டீங்களா?" என்றார் அவரோடு வேலை செய்த அண்ணன். கஜா புயலில் பாத்தியெல்லாம் சேறு ஏறிக் கிடந்ததை அரை மணி நேரம் சொன்னார். அது வேறு படம். ஆனாலும் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

லென்ஸ் ஓரத்தில் உப்புப் பூத்திருக்கிறது. வேட்டித் துணியால் துடைத்துத் துடைத்துத் தம்பி என்னைத் திட்டுகிறான். அதாவது பேச ஆரம்பித்துவிட்டான்.

ஏப்ரல் 30

ராஜாஜி உப்பு அள்ளிக் கைதான நாள். நினைவுத் தூணில் மாலை, பேச்சு. ஐந்து நிமிடம் எடுத்தேன், மூடிவிட்டேன்.

மே 3

மன்னார்குடி சாலை. வரிசையாக இருந்த புளியமரங்கள் சாலை அகலப்படுத்தியதில் போய்விட்டன. தனியாக நின்ற ஒன்றைப் பிடித்தோம். மரத்தில் வெள்ளையும் கறுப்பும் பட்டை அடித்து எண் போட்டிருக்கிறது. அம்மாவிடம் புளிச்சோறு கிளறச் சொல்லி, வாழையிலையில் கட்டிக் கிளையில் தொங்கவிட்டேன். பொட்டலம் காற்றில் ஆடும், அவ்வளவுதான் நான் நினைத்த ஷாட்.

ஏழாவது நிமிடம் முதல் காக்கை. அப்புறம் நாலு. மைக் ஓடிக்கொண்டிருந்ததால் தம்பியால் சத்தம் போட முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவிச் சுழற்றினான். வாய் மட்டும் ச்சூ ச்சூ என்று அசைகிறது, குரல் இல்லை. கேமராவை மரத்திலிருந்து அவன் பக்கம் திருப்பினேன். முதல் இரண்டு வினாடி ஃபோகஸ் இல்லை.

அப்புறம் பொட்டலத்தை இறக்கி இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மே 4

அப்பாயியிடம் செல்போனில் அந்த ஷாட்டைக் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஓட்டு, மறுபடி ஓட்டு என்றார்.

"இவன் துண்ட தலைக்கு மேல சொழட்டுறானே. ரோட்டுல போறவனுக்குத் தெரியாதா? எங்க மாமனாரு இடுப்புக்குக் கீழ புடிச்சு வீசிக் காட்டுவாரு, இப்புடி." முந்தானையை எடுத்து வீசிக் காட்டினார். கேமராவைப் பையிலிருந்து நான் எடுப்பதற்குள் முந்தானையைச் செருகிவிட்டார்.

நாளைக்கு அந்த மரத்தடிக்கு மறுபடி போக வேண்டும். அவரும் வருகிறேன் என்கிறார். ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது.