மாருதி 800 ஹெட்: ஃபேசிங்குக்கு முன்னால் செய்து பார்த்தவை

மதுரை திருநகர் வீட்டு வாசலில் நடக்கும் என்ஜின் வேலையில் இப்போது ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம், தனியாக இறங்கியிருக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. வெயிலில் பைபாஸ் போனாலே ஹீட் ஏறியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. பார்த்தவர்கள் எல்லாரும் நேராக ஃபேசிங் போட, அதாவது ஹெட்டின் அடி முகத்தைச் சீவிச் சமமாக்கச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. சீவிய உலோகம் திரும்பி வராது. கம்ப்ரஷன் ஏறும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஹெட்டிலேயே இருப்பதால் வால்வு டைமிங்கும் கொஞ்சம் தள்ளும். சுத்தம் செய்து அளந்து பார்க்காமல் லேத்துக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

தண்ணீர்த் துளைகளைப் பார்த்ததுமே ஹீட்டுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வெந்நீர் அண்டாவின் அடியில் படிவது போல வெள்ளையாக, கெட்டியாக உப்பு. எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரை வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால் வேறு என்ன ஆகும்?

இரும்பு ஹெட்டாக இருந்தால் காஸ்டிக் சோடா தொட்டியில் போட்டுவிடலாம். இது அலுமினியம். சிம்மக்கல் பக்கத்து லேத் அண்ணன் முதலிலேயே எச்சரித்தார்: "தம்பி, காஸ்டிக்ல மட்டும் போட்றாதப்பா, அரிச்சுத் தின்னுரும்." வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி, உப்பு இளகியதும் நல்ல தண்ணீரில் அலசினேன்.

கார்பனை மட்டும் வால்வுகளைக் கழற்றாமலே எடுத்தேன். வால்வு மூடியிருந்தால் அது உட்காரும் சீட்டில் கீறல் விழாது. ராத்திரி முழுக்க டீசலில் ஊறியது, மூங்கில் சீவலுக்கே பெயர்ந்து வந்தது. கேஸ்கெட் உட்காரும் முகத்தில் கம்பி பிரஷ்ஷோ எமரியோ படவே கூடாது. எமரித் துகள் ஆயில் துளைக்குள் போனால் பேரிங்கைத் தின்றுவிடும்.

கார்பன் போனதும் நடு சிலிண்டரில், இரண்டு சீட்டுக்கும் இடையில் முடி போல ஒரு கோடு. ஹீட் ஏறிய ஹெட்டில் விரிசல் விடும் இடமே அதுதான். சிவப்புச் சாய ஸ்ப்ரே அடித்து, ஊற விட்டு, துடைத்து, மேலே வெள்ளை பவுடர் ஸ்ப்ரே அடித்தேன். விரிசலாக இருந்தால் உள்ளே இறங்கிய சிவப்பு வெள்ளையில் கசிந்து கோடாகத் தெரியும். எதுவும் தெரியவில்லை. வெறும் கீறல்தான். பெரிய நிம்மதி.

அடுத்து ஸ்ட்ரெயிட் எட்ஜை (கோணலில்லாத நேர்ச்சட்டம்) நீளவாக்கு, குறுக்கு, இரண்டு மூலைவிட்டம் என்று எல்லாப் பக்கமும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தாள்களான ஃபீலர் கேஜ் விட்டேன். இந்த ஹெட்டுக்கு 0.05 மிமீ வரை கோணல் தாங்கும். 0.04 தாள் ஒரே ஒரு மூலைவிட்டத்தில் இறுக்கமாக நுழைந்தது, 0.05 எங்கேயும் நுழையவில்லை. ஃபேசிங் வேண்டாம்.

வால்வுகளை அட்டையில் ஓட்டை போட்டு வரிசை மாறாமல் குத்தி வைத்தேன். வால்வுத் தண்டு ஓடும் கைடில் ஆட்டம் இல்லை. ஆயில் சீல்கள்தான் கல்லாக இறுகியிருந்தன. நீலப் புகை அங்கிருந்துதான். கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய்த்ததும் எல்லா சீட்டிலும் சாம்பல் வளையம் அறுபடாமல் விழுந்தது. புது சீலோடு ஸ்பிரிங் மாட்டி, பிளக்கைப் போட்டு, ஹெட்டைக் கவிழ்த்துக் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன். வால்வுக்கு அந்தப்புறம், போர்ட் பக்கம் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

அடுத்தது சிலிண்டர்கள் இருக்கும் பிளாக். அதற்குள்ளும் இதே உப்பு இருக்கும். அதை எடுத்த பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி.