முகத்துவாரம் அடைத்த நாட்கள்

அக்டோபர் 21
இன்றும் மழை இல்லை.

அக்டோபர் 24
மணல் மேடு அப்படியே கிடக்கிறது. கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே கால் நனையாமல் நடந்துவிடலாம். ஆஸ்பத்திரியில் அப்பா கண் விழித்ததும், "திறந்துச்சா?" என்றார். இல்லைப்பா என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 30
தூக்கம் வரவில்லை. ஆரணியாற்றை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தேன். பிச்சாட்டூர் அணை, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி, அப்புறம் பழவேற்காடு. சின்ன ஆறுதான். வருடத்தில் பாதிக்கு மேல் மணலாகக் கிடக்கிற ஆறு. காளங்கி ஆறும் ஏரியில்தான் விழுகிறது, ஆனால் ஆந்திரப் பக்கம், வெகு வடக்கே. ஏரி நீளமே சுமார் 60 கிலோமீட்டர். தெற்கு முனையில் இருக்கிற எங்களுக்கு ஆரணியாறு வந்தால்தான் உண்டு. அலை கொண்டுவந்து கொட்டுகிற மணலை ஏரித் தண்ணீர் வெளியே பாய்ந்துதான் அரிக்க வேண்டும். ஏரி ஏறாவிட்டால் அதற்கு வேகம் ஏது? இறால் குஞ்சு கடலிலிருந்து வர வேண்டும். வழி அடைத்துக் கிடந்தால், முறை வைத்து வலை போடுகிற இடமான பாடு கிடைத்து என்ன செய்வது?

நவம்பர் 3
அப்பாவுக்கு மாத்திரை மாற்றினார்கள். கால் வீக்கம் வடியவில்லை.

நவம்பர் 8
ராத்திரி முழுக்க அடைமழை! பிச்சாட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம், மாமா போன் செய்தார்.

நவம்பர் 9
இன்னும் வந்து சேரவில்லை. வழியில் இருக்கிற தடுப்பணையெல்லாம் நிரம்பி வழிந்த பிறகுதான் எங்களுக்கு. அவர்கள் கிணற்றுக்கும் வயலுக்கும் வேண்டும், சரி. ஆனாலும் கோபம் வருகிறது. கடைசியில் இருக்கிறவனுக்கு மிச்சம்தானா?

நவம்பர் 11
ஏரி செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு குறைந்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார். "காத்து எந்தப் பக்கம்?" வாடை என்றேன். தலையாட்டினார். இரண்டு இட்லி சாப்பிட்டார்.

நவம்பர் 13
திறந்துவிட்டது. காலையில் ஓர் ஓடை அளவுக்குத்தான் இருந்தது, மதியத்துக்குள் படகு போகிற அகலம். பழுப்புத் தண்ணீர் கடலுக்குள் வெகுதூரம் போகிறது. கரையில் நின்றவர்கள் எல்லோரும் கத்தினோம். இவ்வளவு சின்ன ஆறு இதைச் செய்கிறது!

நவம்பர் 16
நாளை மறுநாள் பாடு எங்கள் முறை. வலையில் கிழிசல் நிறைய. அப்பாவை இன்னும் அனுப்பவில்லை, ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். படகுக்கு ஓர் ஆள் குறைகிறது. மாமாவின் மூத்தவனைக் கேட்க வேண்டும்.