மாடு களவு போனால் யாரிடம் போவது?

வன்னியில் பொலிஸின் வரலாறு என்றதும் பலருக்குச் சீருடையும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். எனக்கு மாடுதான் நினைவுக்கு வருகிறது. முல்லைத்தீவு மாவட்டத்தில் கிராம அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னைத் தேடி வந்த முறைப்பாடுகளில் காணிச் சண்டைக்கு அடுத்தபடியாக மாட்டுக் களவுதான் அதிகம். பட்டியில் நிற்கும் மாடுகளை நம்பி மகளுக்குக் கலியாணம் பேசுகிற ஊர்களில் ஒரு நாகு காணாமற்போவது சின்ன விஷயமல்ல. ஆட்சிகள் மாறும்போதெல்லாம், களவு கொடுத்தவன் போய் நிற்க வேண்டிய வாசலும் மாறியது.

மிகப் பழைய வாசல் வன்னியர்களுடையது. போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்துக்கொண்டு காட்டுக்குள் தம் ஆட்சியை நடத்திய அந்தத் தலைவர்களே வழக்கையும் கேட்டார்கள், தண்டனையையும் கொடுத்தார்கள். ஆங்கிலேயர் வந்து அவர்களுடைய அதிகாரத்தை முடித்துவைத்தார்கள். ஆனால் ஊர்க்காவலுக்கு வேறு ஆட்களை உடனே கொண்டுவரவில்லை.

இலங்கைப் பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம். அடுத்த ஆண்டு, 1866 செப்டெம்பரில், பம்பாய்ப் பக்கத்தில் ரத்னகிரியில் படைப்பிரிவொன்றில் இருந்த கேம்பல் பொலிஸ் தலைவராகப் பொறுப்பேற்றார்; 1867இல் அவரே முதலாவது பொலிஸ் மா அதிபரானார். அந்தச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் கேம்பலின் கான்ஸ்டபிள்கள் பட்டினங்களைக் காத்தார்களே ஒழிய வன்னிக் காட்டுக் கிராமங்களுக்கு வரவில்லை. அங்கே பொலிஸ் என்றால் ஊர்த் தலைமைக்காரரான விதானையார்தான். கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்தில் இருக்கும் அரசாங்க அதிபர் நியமிப்பார், நெடுங்காலம் சம்பளம் என்று ஒன்று இல்லை, சீருடையும் இல்லை.

விதானையார் களவு பிடித்த விதத்தைப் பேரனார் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாட்டுக்குச் சுடும் குறி உண்டு. எந்தக் குறி யாருடையது என்பது விதானையாருக்கு மனப்பாடம். விற்பதென்றாலும் வெளியூருக்குச் சாய்த்துக்கொண்டு போவதென்றாலும் அவருடைய கடிதம் வேண்டும். கடிதமில்லாத மாட்டை வாங்கியவன் அகப்பட்டுக்கொள்வான். மழை பெய்த மறுநாள் என்றால் குளக்கட்டில் அடி பார்த்துக்கொண்டே போவார். அடி காட்டுக்குள் போய் மறைந்தால் தோல் எங்கே விலைப்படுகிறது என்று ஆள் விட்டு விசாரிப்பார். இவ்வளவையும் செய்ய அவருக்குத் துவக்கு தேவைப்படவில்லை. ஊரைத் தெரிந்திருந்ததே போதுமாயிருந்தது.

இதைச் சொல்லும்போதே மற்றதையும் சொல்லியாக வேண்டும். விதானைப் பதவி சாதியும் காணியும் உள்ள சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களில் ஒருவர் முறையிடப் போனால் படலைக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். களவெடுத்தவன் விதானையாரின் உறவுக்காரனாக இருந்துவிட்டால் விசாரணை அந்தப் படலையைத் தாண்டாது. ஆகவே 1963இல் தலைமைக்காரர் முறையை ஒழித்துக் கிராம சேவையாளர் பதவியை, அதாவது இன்றைய கிராம அலுவலர் பதவியை, கொண்டுவந்தது சரியான செயல் என்றே இன்றும் சொல்வேன். பிறப்பைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்த அந்த முறை இல்லாவிட்டால் நான் அந்தக் கதிரையில் இருந்திருக்க மாட்டேன். 1979இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் பொலிஸாரைப் போலவே எங்களையும் அமைதி காக்கும் சமாதான அலுவலர்களாக ஏற்றுக்கொள்கிறது. ஊரில் இன்றும் எங்களை விதானையார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அதே 1979இல்தான், வழக்கில்லாமல் நீண்டகாலம் தடுத்துவைக்க இடம்கொடுத்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகு பொலிஸ் நிலையம் என்பது முறையிடப் போகிற இடமாக இருக்கவில்லை. மண்மூட்டைகளுக்கு நடுவே போய், களவு போன மாட்டைப் பற்றிச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? போனவன் திரும்பி வருவானா என்று வீட்டில் காத்திருப்பார்கள். போர் முற்றியபோது வன்னியின் பெரும்பகுதியில் அந்த நிலையங்களும் இல்லாமற்போயின.

1991இல் விடுதலைப் புலிகள் தமிழீழக் காவல்துறையைத் தொடங்கினார்கள். அதன் பொறுப்பாளர் நடேசன் முன்பு இலங்கைப் பொலிஸில் வேலை செய்தவர். பின்னர் நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரியும் வந்தன. 2002 போர்நிறுத்தத்தின்போது ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போனவர்களுக்கு, வேகமாக ஓடியதற்காக நீலச் சீருடைக்காரர்கள் எழுதிய தண்டச் சீட்டு நினைவிருக்கும். நாங்கள் கொழும்பிலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த நிர்வாகத்துக்குள் வேலை செய்தோம். மாட்டுக் களவை அவர்கள் கண்டிப்பாகவே விசாரித்தார்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதினார்கள். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். விசாரிக்க வந்த காவல்துறைப் பிள்ளைக்குக் குளத்தின் பெயரும் தெரியும், வாய்க்காலின் பெயரும் தெரியும். இரவில் படலையைச் சாத்தாமல் படுத்தோம் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். அது பொய்யில்லை.

ஆனால் அந்தக் காவல்துறை இயக்கத்துக்குத்தான் பதில் சொல்லியது, ஊருக்கு அல்ல. கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவரென்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனபோது, தாய்மார் என் அலுவலகத் திண்ணையில் வந்திருந்து அழுதார்கள். மாட்டைக் கொண்டுபோனவனைப் பற்றி முறையிட இடமிருந்தது. மகளைக் கொண்டுபோனவர்களைப் பற்றி முறையிட இடமில்லை. ஒழுங்காக இருந்தது என்று அந்தக் காலத்தைப் புகழ்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

2009இல் போர் முடிந்த பிறகு முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோது ஊருக்கு ஊர் பொலிஸ் நிலையம் இருந்தது. பெரும்பாலானவற்றில் தமிழ் தெரிந்தவர்கள் அரிது. கணவனை இழந்து, எஞ்சிய இரண்டு பசுக்களோடு மீண்டும் தொடங்கிய ஓர் அம்மாவின் பசுக்களில் ஒன்று களவு போனது. துணைக்கு நானும் போனேன். அவர் தமிழில் சொன்னார். அரைகுறைத் தமிழில் ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். அந்த இன்னொருவர் சிங்களத்தில் எழுதினார். கையெழுத்து வைக்கச் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்து, "விதானையார், நான் சொன்னதுதானே இதில் இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கும் வாசிக்கத் தெரியாது. எழுதியவர் கெட்டவரல்ல, தொலைதூர ஊரிலிருந்து வந்து வேலை செய்யும் இளைஞர், எங்களுக்குத் தேநீர் எடுக்கச் சொன்னார். ஆனால் குறியைப் பற்றிச் சொன்ன முக்கியமான விவரம் அந்தத் தாளில் இருந்ததா என்பது யாருக்குத் தெரியும்?

அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. மாகாணத்துக்கென்று ஒரு பொலிஸ் பிரிவையும் எழுதிவைத்தது. 2013இல் வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தபோதும் பொலிஸ் அதிகாரம் வந்து சேரவில்லை. கொழும்பில் அதை நாட்டைப் பிரிக்கிற காரியமாகப் பேசுகிறார்கள். நானோ, முறைப்பாடு கொடுத்தவர் தான் கொடுத்ததைத் தானே வாசிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பொலிஸில் சேர விண்ணப்பிக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய மண் இது. ஆகவே வீடுகளில் எதிர்ப்பு இருப்பது நியாயம். அந்தத் தாய்மாரின் கேள்விக்குப் பதில் வராமல் எந்தச் சீருடையையும் நம்பச் சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தாலும் என்னிடம் யோசனை கேட்டு வருகிற பிள்ளைகளைப் போகச் சொல்கிறேன். சிங்களத்தையும் நன்றாகப் படிக்கச் சொல்கிறேன். அரசிடம் நான் கேட்பது, ஒவ்வொரு நிலையத்திலும் பகலில் மட்டுமல்ல, இரவுக் கடமையிலும் தமிழில் எழுதத் தெரிந்த ஒருவர் முறைப்பாட்டு மேசையில் இருக்க வேண்டும் என்பது. எங்கள் பக்கத்தில் மாடு களவு போவது இரவில்தான்.