மஸ்ட் ஐ?

நான் அனுப்பியது ஒரே வரி: ‘மஸ்ட் ஐ ரீடூ தி ஹோல் ரிப்போர்ட் அகெய்ன்?’ முழுவதையும் திரும்பச் செய்யணுமா என்று கேட்டேன், அவ்வளவுதான். இரண்டே நிமிடத்தில் மேலாளரிடமிருந்து பதில்: ‘நோ, யூ நீட்ன்ட்.’ சரி, வேண்டாம் என்கிறார் என்று கிளம்பிவிட்டேன்.

காலையில் வந்து பார்த்தால் புது ரிப்போர்ட் தயாராக இருந்தது. கடைசியாக சேவ் செய்த நேரம் இரவு 1:12. மூன்றாவது டேபிளில் நான் இடம் மாற்றிப் போட்டிருந்த இரண்டு நெடுவரிசைகள்கூடச் சரியாகிவிட்டிருந்தன. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பக்கத்து சீட் நண்பர்தான் சொன்னார்: “மஸ்ட் போட்டுக் கேட்டால் சலித்துக்கொள்கிற மாதிரி இருக்கும்ப்பா.” ‘மஸ்ட் யூ ஷவுட்?’ என்பவர் கத்துவது கட்டாயமா என்று விசாரிக்கவில்லை. கொஞ்சம் கத்தாமல் இரேன் என்கிறார். நானே செய்து தரட்டுமா என்பதற்கு ‘ஷல் ஐ’, செய்வது நல்லதா என்று யோசனை கேட்க ‘ஷுட் ஐ’. என் கேள்விக்கு ‘டூ ஐ நீட் டு’ போதுமாம்.

எனக்கு ஒப்பவில்லை. மஸ்ட் என்று கேட்டால் நீட்ன்ட் என்று பதில் சொல்ல வேண்டும், மஸ்ட்ன்ட் என்றால் கூடவே கூடாது என்று அர்த்தமாகிவிடும் என்றுதானே இலக்கணத்தில் படித்தோம்? மேலாளர் பதிலும் அச்சு அசல் அப்படித்தானே வந்தது? இலக்கணப்படி இரண்டு பேரும் சரி. அப்படியானால் அந்த 1:12?

தமிழில் செய்யட்டுமா, செய்யலாமா, செய்யணுமா என்று விகுதியே கேட்பவர் மனதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ‘செய்யணுமா’வை மட்டும் குரல்தான் தீர்மானிக்கிறது. சாதாரணமாகக் கேட்டால் சந்தேகம், இழுத்துக் கேட்டால் சிணுங்கல். மெயிலில் குரல் ஏது, அவர் தப்பாக எடுத்துக்கொண்டார் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் ‘டூ ஐ நீட் டு’ என்றுதான் எழுதுகிறேன். போன வாரம் அந்தப் பழைய மெயிலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ரீடூ என்றாலே திரும்பச் செய்வதுதான். அதற்கு மேல் ஒரு அகெய்ன் எதற்கு? அனுப்பிய நேரம் மாலை 6:50. பை அப்போது தோளில் இருந்தது.