சார்ட்டைப் படித்துவிட்டால் போதுமா?

தலையில் அடிபட்டவர்களும் ஸ்ட்ரோக் வந்தவர்களும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி கொஞ்ச நாள் ஆனதும் எங்கள் கண்ணாடிக்கடைக்கு வருவார்கள். "பவர் ஏறிடுச்சு போல, மாத்திக் குடுங்க" என்பார்கள். பர்மாவில் மோல்மேன் ஊரில் பவர் பார்ப்பதுதான் என் வேலை. இப்படி வருகிறவர்களில் நிறையப் பேர் சார்ட்டின் கடைசி வரிவரை தடங்கல் இல்லாமல் படித்துவிடுவார்கள், உடனே கூட வந்தவர்களின் முகம் மாறும். "பாத்தீங்களா, எல்லாம் தெரியுது, வீட்டுலதான் இடிச்சுக்கிட்டு நிக்கிறாரு" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நேராக உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்பார்வை எவ்வளவு கூர்மை என்று பார்ப்பதுதான் சார்ட். பக்கவாட்டில் தெரிகிறதா, இரண்டு கண்ணும் சேர்ந்து திரும்புகிறதா, கண் பார்த்ததை மூளை கவனிக்கிறதா, இதில் எதையும் அது சொல்லாது. ஒவ்வொரு கண்ணையும் திருப்ப ஆறு தசைகள் இருக்கின்றன, அவற்றை இயக்க மூளையிலிருந்து 3, 4, 6 என்று மூன்று நரம்புகள் வருகின்றன. பார்வைக்கான பாதையோ கண்ணுக்குப் பின்னால் கிளம்பி பின்மண்டை வரை போகிறது. நடுவில் எங்கே பழுதானாலும் பார்வை கெடும், ஆனால் கண்ணை மட்டும் பார்த்தால் பளிச்சென்று இருக்கும்.

யாங்கோன் நகருக்குள் 2003-லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. எங்கள் ஊரில் அது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது, அதனால் விழுந்து தலையில் அடிபட்டவர்களும் இங்கே அதிகம். அப்படி ஒரு தம்பி வந்தான். தையல் பிரித்தாயிற்று, ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். தலை மட்டும் இடது தோள் பக்கம் சாய்ந்தே இருந்தது. "கழுத்து புடிச்சுக்கிச்சு, தைலம் தேய்க்கிறோம்" என்றார் அம்மா. தலையை நான் நிமிர்த்திப் பிடித்ததும் "அக்கா, ரெண்டாத் தெரியுது" என்றான். வலது தோள் பக்கம் சாய்த்தால் இரண்டு உருவமும் இன்னும் விலகின, ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிட்டது. எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை போய்விடுகிறது என்றால், இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வலது கண்ணின் நாலாம் நரம்பு அடி வாங்கியிருந்தது. இருப்பதிலேயே மெல்லிய நரம்பு அது. மூளைத்தண்டின் பின்பக்கமாக வெளியே வந்து, சுற்றிக்கொண்டு நீண்ட தூரம் போய்க் கண்ணைச் சேர்கிறது, அதனால் எலும்பு உடையாமல் தலை பலமாகக் குலுங்கினாலே அடிபடலாம். அது கெட்டால் ஒரு உருவம் மேலே, ஒன்று கீழே, கொஞ்சம் சாய்வாகவும் தெரியும். கீழே பார்க்கும்போது இன்னும் மோசம். அந்தத் தம்பியின் வீடு மரவீடு, செங்குத்தான படி. இறங்கும்போது எந்தப் படி நிஜம் என்று தெரியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறான். பர்மிய எழுத்து வேறு வட்டம் வட்டமாக இருக்கிறது, வாய் மேலே திறந்திருந்தால் ப, கீழே திறந்திருந்தால் க, வலது பக்கம் என்றால் ங. ஒரு வட்டத்தின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்தால் வாயே அடைபட்டுப் போகும், போனில் வந்த மெசேஜைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. தலையைச் சாய்த்ததால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது, அவன் அம்மா அதைத்தான் தைலம் போட்டு நிமிர்த்தப் பார்த்திருக்கிறார்.

இந்த மாதிரி வந்தால் விபத்துக்கு முந்தைய போட்டோவையும் காட்டச் சொல்வேன். சிலருக்குப் பிறவியிலேயே இந்த நரம்பு பலவீனம் இருக்கும், சின்ன வயதுப் படத்திலேயே தலை சாய்ந்திருக்கும். இவனுடைய பழைய படங்களில் தலை நேராக இருந்தது. இரண்டு உருவத்தையும் ஒன்றுசேர்க்க, கண் டாக்டர் கண்ணாடியில் ஒட்டுகிற பிரிஸம் கொடுத்தார். நிறையப் பேருக்குச் சில மாதங்களில் தானாகவே தேறும், தேறாவிட்டால் கண் விலகிய அளவு மாறாமல் நிலைத்த பிறகுதான் ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள். அதுவரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

மூன்றாம் நரம்பு என்றால் பொறுக்க முடியாது. இமை தொங்கி, கருமணி விரிந்து, கூடவே தலைவலியும் இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். சுகரால் வருவது பெரும்பாலும் கருமணியை விரிக்காமல் விட்டுவிடும், மூன்று மாதம் போல ஆனால் சரியாகிவிடும். ஆனால் எது எதனால் என்று கடையில் உட்கார்ந்து முடிவு செய்கிற விஷயம் இல்லை அது.

ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வந்த ஒரு டிரைவர் அண்ணன் "இடது கண்ணு போயிடுச்சும்மா" என்றார். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்க்கச் சொன்னேன், என் முகத்தின் ஒரு பாதிதான் தெரிந்தது. கையை மாற்றினோம், இடது கண்ணிலும் அதே பாதிதான் இல்லை. இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. வலது மூளையின் பின்பகுதி கெட்டு, இரண்டிலும் இடப்பக்கக் காட்சி போயிருந்தது. பர்மாவில் 1970-இல் போக்குவரத்தை வலது பக்கம் மாற்றினார்கள், ஆனால் ஓடுகிற ஜப்பான் வண்டிகள் பலவற்றில் ஸ்டீரிங் இன்னமும் வலப்பக்கம்தான். எதிரே வருவதெல்லாம் இவருக்கு இடது பக்கம். அந்தப் பக்கம்தான் இவருக்கு இல்லவே இல்லை. "சார்ட் படிச்சுட்டேனே, வண்டி எடுக்கலாம்ல?" என்று கேட்டார். குடும்பம் அந்த வண்டியில்தான் சாப்பிடுகிறது என்று தெரிந்தும் "வேண்டாம் அண்ணா" என்றேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேப்பர் படிக்க மட்டும் ஒரு வழி சொன்னேன். பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புப் பட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, சிவப்பு கண்ணில் படும்வரை திரும்பி, அங்கிருந்து வரியைத் தொடங்க வேண்டும். தமிழோ பர்மியமோ, இடது பாதி போனவர்களுக்கு வரியின் ஆரம்பம்தானே கிடைப்பதில்லை.

இதைவிடக் கஷ்டம் ஒரு பாட்டியுடையது. தட்டில் வலப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இடப்பக்கத்தில் இருந்ததைத் தொடாமல், இன்னும் போடச் சொல்வாராம். மருமகளுக்கு மனசு புண்பட்டுப் போயிருந்தது, தன் சமையலைக் குறை சொல்கிறார் என்று. பேப்பரில் ஒரு கோடு போட்டு நடுவில் குறிக்கச் சொன்னேன், பாட்டி வலது ஓரத்துக்குப் பக்கத்தில் குறித்தார். டிரைவருக்குப் பாதி தெரியவில்லை என்பதாவது தெரியும், தலையைத் திருப்பித் தேடுவார். பாட்டிக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை, எதைத் தேடுவார்? பாதி சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைக்கச் சொன்னேன், மருந்தையும் தண்ணீரையும் வலப்பக்கம் வைக்கச் சொன்னேன். மருமகள் "அத்தை, மன்னிச்சுக்கோங்க" என்று அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தலையில் லேசாக அடிபட்ட பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. மெட்ரிக் பரீட்சைக்குப் படிக்கிற பெண், எழுத்து மிதக்கிறது, பத்து நிமிஷத்தில் தலை வலிக்கிறது என்கிறாள், வீட்டில் சாக்கு என்கிறார்கள். பேனாவை மூக்கு நோக்கி மெதுவாகக் கொண்டுபோனால் மூக்குக்கு வெகு முன்னாலேயே ஒரு கண் விலகிவிடுகிறது. இரண்டு கண்ணையும் உள்பக்கம் சேர்த்துப் பிடிக்கிற சக்தி அடியில் குறைந்திருக்கிறது. பயிற்சி சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள், பெரும்பாலும் பலன் கிடைக்கும்.

அதனால் பவர் பார்க்க வரும்போது ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வாருங்கள். எப்போதோ விழுந்திருந்தாலும் சொல்லுங்கள். அவர் எப்படிச் சாப்பிடுகிறார், எந்தப் பக்கம் இடித்துக்கொள்கிறார், படி இறங்கும்போது என்ன செய்கிறார் என்று கூட இருந்து பார்க்கிற ஒருவர் வரட்டும். சார்ட்டுக்கு முன்னால் நான் அவரிடம்தான் முதலில் கேட்பேன்.