ஐந்து நாள் நாடும் கையெழுத்தாகாத ஒப்பந்தமும்

சோமாலியாவின் வடக்கே 1991-இல் தன்னைத் தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது சோமாலிலாந்து. அதைப் பற்றிய சண்டை சொல்லிலேயே ஆரம்பித்துவிடும். சோமாலியாவின் தலைநகரான மொகதிஷு பக்கம் நிற்பவர் அந்த அறிவிப்பை "கோனி-ஊ-கோசத்" என்பார். தனியாக அறுத்துக்கொண்டு போவது என்று பொருள். சோமாலிலாந்தின் தலைநகரான ஹர்கெய்சாக்காரர் காதில் அது வசவு மாதிரி விழும். அவருடைய சொல் "லா சோ நோகொஷோ": தன்னுடையதை எடுத்துக்கொண்டு திரும்பி வருவது. எதையும் நாங்கள் அறுக்கவில்லை, நாங்களாகப் போய்ச் சேர்ந்தோம், சேர்ந்தது சரிப்படவில்லை, கொண்டுபோனதோடு திரும்பிவிட்டோம் என்பார். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே கிடப்பது 1960-ஆம் ஆண்டின் ஐந்து நாள்.

பிரிட்டிஷ் சோமாலிலாந்து 1960 ஜூன் 26 அன்று விடுதலை பெற்றது. ஐ.நா. மேற்பார்வையில் இத்தாலி நிர்வகித்துவந்த தெற்குப் பகுதி ஜூலை 1 அன்று விடுதலை பெற்றது. அன்றைக்கே இரண்டும் இணைந்தன. வடக்கு யாரும் இழுத்துப்போய்ச் சேரவில்லை; ஏப்ரல் 6 அன்று அதன் சட்டசபையே இணைப்பைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அந்த அவசரத்துக்கு ஒரு காரணம் ஹௌத் மேய்ச்சல் நிலம். மழைக்காலம்தோறும் வடக்கு மேய்ப்பர்கள் ஒட்டகங்களை ஓட்டிப்போகும் அந்த நிலத்தை 1954 ஒப்பந்தப்படி பிரிட்டன் எத்தியோப்பியா கையில் கொடுத்துவிட்டது. ஒரே சோமாலி அரசு இருந்தால்தான் இப்படிப் பறிபோவதைத் தடுக்கலாம் என்ற எண்ணம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கொடியின் ஐந்து முனை நட்சத்திரமும் அந்தக் கனவுதான்: பிரிட்டிஷ் பகுதி, இத்தாலியப் பகுதி, பிரெஞ்சுப் பகுதி, எத்தியோப்பியாவின் ஒகடேன், கென்யாவின் வடக்கு எல்லை மாவட்டம்.

மனசு இருந்தது, ஆவணம்தான் சரியாக அமையவில்லை. ஜூன் 27 அன்று ஹர்கெய்சா சட்டசபை ஓர் இணைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இரு தரப்புப் பிரதிநிதிகளும் கையெழுத்திடும் ஒப்பந்தம் போல அதை எழுதியிருந்தார்கள். தெற்கு அதில் கையெழுத்திடவே இல்லை. ஜூன் 30 அன்று மொகதிஷு சட்டசபை வேறொரு வாசகத்தை எடுத்துக்கொண்டு, அதற்குக் கொள்கையளவில் மட்டும் ஒப்புதல் தந்தது. ஜூலை 1 அன்று இரண்டு சபைகளும் கூடி ஏடன் அப்துல்லா உஸ்மானைத் தற்காலிக அதிபராகத் தேர்ந்தெடுத்தன. ஆனால் இரண்டு சபைகளும் ஒரே வாசகத்துக்கு ஒப்புதல் தந்த இணைப்பு ஆவணம் என்று ஒன்று இல்லை. 1961 ஜனவரி 31 அன்றுதான் புதிய தேசிய சபை ஓர் இணைப்புச் சட்டம் இயற்றி, அது முந்தைய ஜூலை 1 முதலே செல்லும் என்று முன்தேதியிட்டது. கல்யாணம் முடிந்து ஏழு மாதம் கழித்துத் தாலி கட்டி, பத்திரத்தில் பழைய தேதி போட்டதுபோல.

நிர்வாக இணைப்பு இதைவிடச் சிக்கல். வடக்கில் கோப்புகள் ஆங்கிலத்தில், தெற்கில் இத்தாலியத்தில். சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வமான எழுத்துமுறை 1972-இல்தான் வந்தது. அதுவரை ஹர்கெய்சா குமாஸ்தாவும் மொகதிஷு குமாஸ்தாவும் சோமாலியில் பேசிக்கொள்ளலாம், எழுதிக்கொள்ள முடியாது. வடக்கில் கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங், தெற்கில் சோமாலோ. சுங்கவரி, சம்பள விகிதம், கணக்கெழுதும் முறை, நீதிமன்ற நடைமுறை எல்லாம் இரண்டிரண்டு. நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: வடக்கில் பிரிட்டிஷ்காரர்கள் நடைமுறைப்படுத்தியிருந்தது நம் இந்திய தண்டனைச் சட்டம். தெற்கில் இத்தாலியச் சட்டத்தொகுப்பு. இரண்டையும் ஒட்டியபோது தண்டனைச் சட்டம் பெரும்பாலும் இத்தாலிய வழியிலும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்திய வழியிலும் அமைந்தன. குற்றம் எது என்பதை ஒரு மரபிலும், அதை விசாரிப்பதை இன்னொரு மரபிலும் படித்த நீதிபதிகளும் வக்கீல்களும் எப்படித் திணறியிருப்பார்கள்!

பதவிப் பங்கீட்டிலும் வடக்கு மனம் கசந்தது. நாடாளுமன்றத்தின் 123 இடங்களில் வடக்குக்கு 33. தலைநகர், அதிபர், பிரதமர், ராணுவத் தளபதி, போலீஸ் தலைவர் எல்லாமே தெற்குக்கு. ஐந்து நாள் நாட்டின் பிரதமராக இருந்த முகமது ஹாஜி இப்ராஹிம் எகால் அமைச்சர்களில் ஒருவரானார். 1961 ஜூன் 20 அன்று அரசியல் சாசன வாக்கெடுப்பு. வடக்கின் பெரிய கட்சி புறக்கணிக்கச் சொன்னது. அங்கே சுமார் 1 லட்சம் பேர்தான் வாக்களித்தார்கள், அதிலும் பாதிக்கு மேல் எதிர்ப்பு. தெற்கின் எண்ணிக்கை அதை மூழ்கடித்தது. தெற்கே வன்லவெய்ன் என்ற ஒரு சிற்றூரில் விழுந்த ஆதரவு வாக்கு மொத்த வடக்கின் வாக்கைவிட அதிகம் என்று வடக்கில் இன்றும் சொல்லிக்காட்டுவார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனில் பயிற்சி பெற்ற இளம் வடக்கு அதிகாரிகள் சிலர் ஹர்கெய்சாவில் கலகம் செய்தார்கள். சில மணி நேரத்தில் அது அடங்கிவிட்டது. 1963-இல் மொகதிஷுவில் தீர்ப்பு. முறையான இணைப்புச் சட்டம் இல்லை என்ற அடிப்படையில் பிரிட்டிஷ் நீதிபதி அவர்களை விடுவித்தார். சோமாலிலாந்து வாதிகள் தூக்கிக் காட்டும் முதல் காகிதம் இதுதான்.

ஆனால் இந்தக் காகிதத்தை மட்டும் காட்டி வாதத்தை முடித்துவிட முடியாது. சோமாலியா ஒரே நாடாக இருக்க வேண்டும் என்னும் ஒருமைப்பாட்டுத் தரப்பின் பதில் வலுவானது. வடக்கு உறுப்பினர்கள் அந்தச் சபையில் உட்கார்ந்தார்கள், சட்டம் இயற்றினார்கள், சம்பளம் வாங்கினார்கள். ஐ.நா.வில் ஒரே இருக்கை. எகாலே 1967-இல் ஒன்றுபட்ட நாட்டின் பிரதமரானார். முப்பது ஆண்டு குடும்பம் நடத்திவிட்டு, அழைப்பிதழில் எழுத்துப்பிழை இருந்தது என்று சொன்னால் எந்த நீதிமன்றமும் தயங்கும். என் கணிப்பில், 1960-இன் குறைபாடு மட்டும் இருந்திருந்தால் இணைப்பு நிலைத்திருக்கும்.

அதை முறித்தது 1988. மே மாதக் கடைசியில் வடக்கின் கிளர்ச்சிப் படையான சோமாலி தேசிய இயக்கம் வடக்கு நகரங்களான புராவோவிலும் ஹர்கெய்சாவிலும் நுழைந்ததும், ராணுவ ஆட்சியாளர் சியாத் பாரேயின் அரசு ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்தே விமானங்களைக் கிளப்பி அதே ஊரின்மேல் குண்டு போட்டது. விமானிகள் தரையிறங்கிக் குண்டு ஏற்றிக்கொண்டு திரும்பவும் கிளம்பினார்கள். 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது மதிப்பீடு, பெரும்பாலும் வடக்கின் பெரிய குலமான இசாக் குலத்தவர். லட்சக்கணக்கானோர் எத்தியோப்பியாவுக்கு நடந்தே போனார்கள். 1997-இல் கனமழை ஹர்கெய்சா அருகே மால்கோ-துர்துரோவில் மண்ணை அரித்தபோது எலும்புகள் வெளியே வந்தன. மணிக்கட்டுகளில் கயிறு கட்டியபடியே. 1991 மே 18 அன்று புராவோவில் தனிநாடு அறிவித்த பெரியவர்களின் மனசில் இணைப்புச் சட்டத்தின் ஷரத்தா ஓடியிருக்கும்? சட்ட வாதத்தை முன்வைக்கும் இளைஞர்கள் இந்த வலியைப் பின்னுக்குத் தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டம் பேசுவதே இந்த வலிக்காகத்தான்.

எல்லைக்கோட்டு வாதம் விசித்திரமானது. 1964-இல் கெய்ரோவில் ஆப்பிரிக்க நாடுகள், விடுதலையின்போது இருந்த எல்லைகளை மதிப்போம் என்று தீர்மானித்தன. அதை ஏற்க மறுத்தது மொகதிஷு. ஒகடேனும் கென்யப் பகுதியும் வேண்டுமென்றால் காலனியக் கோட்டை ஏற்க முடியாதே. இன்று அதே விதியை ஹர்கெய்சா பிடித்துக்கொண்டிருக்கிறது: எங்கள் விடுதலை ஜூன் 26, அன்றைய எல்லையே எங்கள் எல்லை என்று. கூடவே பழைய பிரெஞ்சுப் பகுதியான ஜிபூட்டியைக் காட்டுவார்கள். நட்சத்திரத்தின் அந்த முனை 1977-இல் தனிநாடானது. அதை யாரும் பிரிவினை என்று திட்டுவதில்லை.

இந்த வாதம் இடறுகிற இடம் கிழக்கே சூல் பகுதியில் உள்ள லாஸ் அனோத் நகரம். 1884-க்கும் 1886-க்கும் இடையில் பிரிட்டன் வடக்குக் குலங்கள் பலவற்றோடு ஒப்பந்தம் போட்டது. அங்கே வாழும் துல்பஹந்தே குலத்தோடு போடவில்லை. 1894-இல் பிரிட்டனும் இத்தாலியும் வரைந்த கோடு அவர்களை பிரிட்டிஷ் பக்கம் தள்ளியது. பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட தெர்விஷ் போராளிகளின் தலேஹ் கோட்டையும் அவர்கள் மண்ணில்தான் இருந்தது. 1920-இல் பிரிட்டிஷ் விமானங்கள் அங்கே குண்டு போட்டன. "நாங்கள் ஒப்புக்கொள்ளாத கோட்டுக்குள் எங்களை ஏன் அடைக்கிறீர்கள்" என்பது அவர்கள் கேள்வி. மொகதிஷுவைப் பார்த்து ஹர்கெய்சா கேட்பதும் ஏறக்குறைய இதேதான். 2001 மே 31 வாக்கெடுப்பில் 97 சதவீத ஆதரவு என்று சொல்லும்போது, கிழக்கே சூலிலும் சனாக்கின் கிழக்குப் பகுதியிலும் வாக்குப்பதிவு அரைகுறையாகத்தான் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரி 6 அன்று லாஸ் அனோதில் உள்ளூர்ப் போராளிகளுக்கும் சோமாலிலாந்துப் படைக்கும் இடையே வெடித்த சண்டை, ஆகஸ்ட் 25-இல் அந்தப் படையின் கோஜாசதே முகாம் வீழ்ந்ததில் போய் நின்றது. அந்த மாதங்களில் ஊர்மேல் விழுந்த பீரங்கிக் குண்டுகளை, 1988-ஐ அனுபவித்த ஒரு சமூகம் நியாயப்படுத்தக் கூடாது.

ஒருமைப்பாட்டுத் தரப்பும் இதில் சுத்தம் இல்லை. குலத்தின் விருப்பப்படி கோடு மாறலாம் என்று லாஸ் அனோதுக்குச் சொல்லிவிட்டு, இசாக் குலத்தின் விருப்பத்துக்கு அதே உரிமை கிடையாது என்கிறார்கள்.

2012 முதல் இரு தரப்பும் பேசிப்பேசிப் பார்த்துவிட்டன. ஒவ்வொரு முறையும் முட்டுவது ஒரே இடத்தில்: எதிரே உட்கார்ந்திருப்பது இன்னொரு நாடா, என் நாட்டின் ஒரு மாகாணமா? 2020 பிப்ரவரியில் சோமாலியாவின் அன்றைய அதிபர் ஃபர்மாஜோ 1988 கொடுமைக்கு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு மொகதிஷுவில் சொல்லப்பட்டது. 2023 டிசம்பர் கடைசியில் இரு அதிபர்களும் ஜிபூட்டியில் சந்தித்து, பேச்சைத் தொடர ஒப்புக்கொண்டார்கள். மூன்றே நாளில், ஜனவரி 1 அன்று, சோமாலிலாந்து அடிஸ் அபாபாவில் எத்தியோப்பியாவுடன், கடற்கரையைக் குத்தகைக்கு விடும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பேச்சு அத்தோடு நின்றது. அந்தச் சந்திப்பில் துல்பஹந்தேக்குத் தனியாக ஒரு நாற்காலி இருக்கவில்லை.