தறி நின்றால் தேஜஸ் கேட்கும்

லென்ஸை மேசைமேல் வைத்துவிட்டு கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்த மண்டபம்ங்க?"

"மண்டபம் இல்லைங்க. வானம்."

மேலும் கீழும் பார்த்தார். ஆதார் நகலோடு இன்னோர் அடையாள அட்டையும் வேண்டும் என்றார். 150-600 மில்லிமீட்டர் லென்ஸ், எடை ஏறக்குறைய 2 கிலோ, ஒரு நாள் வாடகை 1,200 ரூபாய். கல்யாணத்துக்கு எடுப்பவர்கள் இதை வாடகைக்கு எடுப்பதில்லையாம். பறவைக்காரர்கள்தான் எடுப்பார்களாம். "நானும் பறவைக்குத்தாங்க" என்று சொல்லியிருந்தால் ஒரு அட்டையோடு முடிந்திருக்கும்.

இது 2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை. அன்றுதான் கோவைக்குப் பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளத்தில் 'தரங் சக்தி' தொடங்கியது. இந்தியா முதன்முறையாக நடத்திய பெரிய பன்னாட்டு விமானப்படைப் பயிற்சி. முதல் கட்டம் 14 வரை நம் சூலூரில், இரண்டாம் கட்டம் ஜோத்பூரில். ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் என்று நான்கு நாட்டுப் போர் விமானங்கள் வந்திறங்கின. ஜெர்மன் போர் விமானங்கள் இந்தியாவுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. அவர்களுடைய விமானப்படைத் தளபதி இங்கோ கெர்ஹார்ட்ஸ், தானே யூரோஃபைட்டர் போர் விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். அவரை நடுவானில் போய் வரவேற்க, நம் துணைத் தளபதி ஏ.பி. சிங், நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானத்தில் ஏறிப் போனார். சம்பந்தி வீட்டார் வந்தால் ஊர் எல்லைக்கே போய் அழைத்து வருவோமே, அந்த மாதிரி. வானத்தில் இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது நான் காந்திபுரத்தில் வாடகைப் படிவத்தில் அப்பா பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்தது ராத்திரிச் செய்தியில்.

சரி, போனது போகட்டும். வியாழன், வெள்ளி இரண்டு நாள் விடுப்பு போட்டேன்.

எங்கிருந்து எடுப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். சூலூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தளத்தைச் சுற்றிலும் 'படம் எடுக்கத் தடை' பலகைதான். 1923ஆம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வெளிநாடுகளில் வேலியோரம் ஏணி போட்டு உட்கார்ந்து, சாண்ட்விச் தின்றுகொண்டே எடுக்கிறார்கள். இங்கே ஏணியோடு போனால் அதே ஏணியில் வைத்துத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆகவே தளம் வேண்டாம், வேலி வேண்டாம், ஓடுதளம் கண்ணிலேயே படவேண்டாம், பறக்கும்போது மட்டும் எடுப்போம் என்று முடிவுசெய்தேன். அதற்குத் தோதான இடம் ஒன்று இருந்தது. சோமனூர்ப் பக்கம் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டு மொட்டை மாடி.

வியாழன் காலை போய் இறங்கியதும் அமுச்சி லென்ஸைத் தூக்கிப் பார்த்தார். "இதென்ன கண்ணு, தண்ணி மோட்டாரா?"

"வாடகைக்கு எடுத்தேனுங்க அமுச்சி."

"எவ்வளவு?"

"இருநூறு ரூபாய்ங்க."

"இருநூறா! உன்ற தாத்தன் இருந்தா நாலு உதை உதைச்சிருப்பாரு."

ஆயிரத்தை விழுங்கியது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டே மாடிக்கு ஏறினேன்.

அந்த மாடியில் எனக்கு மூன்று எதிரிகள் என்பது ஏறிய பிறகுதான் புரிந்தது. முதல் எதிரி காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, கோவையைத் தாண்டிப் பல்லடம் வரைக்கும் அதே வேகத்தில்தான் போகும். முக்காலி இரண்டு தடவை சாய்ந்தது. மூன்றாவது தடவை காலில் செங்கல்லைக் கட்டினேன். இரண்டாவது எதிரி தென்னை. எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் ஒரு மட்டை குறுக்கே வந்து ஆடும். ஆட்டோஃபோகஸுக்கு விமானத்தைவிடத் தென்னை மட்டையின் மேல்தான் பாசம் அதிகம்.

மூன்றாவது எதிரி கீழே இருந்தது. மாமாவின் தறிக்குடோன். 12 விசைத்தறி. ஊடை நூலோடு நாடா போய் வருகிற சத்தம் உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் சொல்லிப் புரியவைக்க முடியாது. பேச்சு கேட்காது, போன் கேட்காது, பக்கத்தில் நின்று கூப்பிட்டால் கேட்காது. அந்தச் சத்தத்தில் போர் விமானம் கேட்க வேண்டுமென்றால் அது தலைக்கு நேர் மேலே வந்தாக வேண்டும். தலைக்கு நேர் மேலே வந்தபிறகு 600 மில்லிமீட்டர் லென்ஸைத் தூக்குவது, பஸ் கிளம்பின பிறகு சில்லறை எண்ணுகிற மாதிரி.

முதல் நாள் சாயங்காலம் வரை 412 படம் எடுத்தேன். அவற்றைப் பற்றி நான் சொல்வதைவிட, பார்த்த இன்னொருவர் சொன்னதைச் சொல்கிறேன்.

நாலு மணி வாக்கில் ரோந்து வந்த காவலர் ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். 'மாடியில் குழாய் மாதிரி எதையோ வானத்துக்குக் குறிவைத்துக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறான்' என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறார். எனக்கு 1923ஆம் வருஷம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"என்ன எடுத்தீங்க? காட்டுங்க."

காட்டினேன்.

"இது என்னங்க?"

"மேகம்ங்க."

"இது?"

"அதுவும் மேகந்தாங்க. வேற மேகம்."

"இதுல என்னமோ பறக்குதே?"

"பருந்துங்க."

தள்ளிக்கொண்டே போனார். தென்னை மட்டை, தென்னை மட்டை, பாதித் தென்னை மட்டை, அப்புறம் கொடியில் காய்ந்த மாமாவின் லுங்கி. காற்று தூக்கியடித்தபோது கேமரா தானாகவே அதில் போய் ஃபோகஸ் செய்திருந்தது. கட்டத்துக்குள் ஓடும் நூல்வரை அவ்வளவு தெளிவு. அந்தப் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"லுங்கி நல்லா வந்திருக்குதுங்க."

கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். தளத்துப் பக்கம் திருப்பக் கூடாது, கட்டடம், வேலி எதுவும் படத்தில் விழக் கூடாது என்று எச்சரித்துவிட்டு என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். அமுச்சி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் படி இறங்கும்போது திரும்பிக் கேட்டார்: "காதுகுத்துக்கெல்லாம் எவ்வளவுங்க வாங்கறீங்க?"

வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி ஆனதால் அமுச்சி விடியற்காலையிலேயே மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். என் நெற்றியில் திருநீறு பூசினார். அதே கையோடு லென்ஸுக்கும் பூச வந்தபோது நான் பாய்ந்து மூடியைப் போட்டேன். மூடிக்குப் பூசினார். பிறகு முருங்கைக்கீரையும் முறமுமாக மாடி நிழலில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பது மணிக்குக் கரண்டு போனது. மாதாந்திரப் பராமரிப்பாம், சாயங்காலம்தான் வருமாம். மாமா கீழே தலையில் கை வைத்தார். பன்னிரண்டு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அப்படி ஒரு அமைதி அந்த ஊருக்கு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மயில் கத்துவது கேட்டது. தூரத்தில் ஏதோ உறுமுவதும் கேட்டது.

நான் சத்தம் வந்த பக்கம் லென்ஸைத் திருப்பினேன்.

"அங்க பாக்காத கண்ணு. அதுக்கு முன்னால பாரு."

திருப்புவதற்குள் போய்விட்டது. பிறகு யோசித்தால் கணக்கு சரிதான். மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போகும் விமானத்தின் சத்தம் நம்மிடம் வந்து சேர ஏறக்குறைய 9 நொடி ஆகும். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்த 9 நொடியில் அது 2 கிலோமீட்டர் போயிருக்கும். நான் முந்தின நாள் முழுக்கப் படம் எடுத்தது விமானம் காலிசெய்துவிட்டுப் போன இடத்தை. அமுச்சி இந்தக் கணக்கைக் கீரை ஆய்ந்துகொண்டே போட்டார்.

"இப்பப் போனது நம்முளுது இல்ல. விருந்தாளி."

"எப்படிங்க தெரியும்?"

"நம்முளுது ஒத்தைத் தொண்டை. இது ரெட்டைத் தொண்டை."

தேஜஸுக்கு ஒரே எஞ்சின். யூரோஃபைட்டருக்கும் பிரான்சின் ரஃபேலுக்கும் இரண்டிரண்டு. 2018இல் தேஜஸ் படையணி சூலூருக்கு வந்ததிலிருந்து அமுச்சி கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து படம் பார்த்து மனப்பாடம் செய்ததெல்லாம் வேறு: தேஜஸுக்கு முன்னால் குட்டி இறக்கை கிடையாது, மற்ற இரண்டுக்கும் உண்டு; யூரோஃபைட்டருக்குக் காற்று போகிற வாய் தாடைக்கு அடியில், ரஃபேலுக்குக் கன்னத்தில், அதோடு மூக்கின் மேல் எரிபொருள் வாங்கும் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் சரிதான், கண்ணில் பட்டால்தானே? இதில் ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் மூன்றுமே யூரோஃபைட்டர்தான். மூன்று வீட்டு மாப்பிள்ளையும் ஒரே கடையில் சஃபாரி சூட் எடுத்த மாதிரி ஒரே சாம்பல் நிறம். ஜெர்மன் என்றால் கறுப்புச் சிலுவை, ஸ்பெயின் என்றால் சிவப்பு மஞ்சள் வட்டம். அந்தச் சின்னத்தைப் பார்க்கிற அளவுக்கு எதுவும் கிட்டத்தில் வரவில்லை.

அன்று மத்தியானத்துக்குள் அமுச்சி சொல்லச் சொல்ல எட்டு விமானங்களைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால், படத்துக்குள் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். பெரிதாக்கினால் கொசு. இன்னும் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகக் கொசு.

சாயங்காலம்தான் அது வந்தது. ரெட்டைத் தொண்டையும் இல்லை, ஒத்தைத் தொண்டையும் இல்லை. அமுச்சியே முறத்தைக் கீழே வைத்தார்.

"இது லாரி."

ஏ400எம். நான்கு எஞ்சின், நான்கு புரொப்பெல்லர், பெரிய சரக்கு விமானம். போர் விமானங்களின் அவசரம் எதுவும் இல்லாமல், தாழ்வாக, தென்னைக்கும் தென்னைக்கும் நடுவில், எனக்காகவே இடம் விட்டாற்போல வந்தது. காற்றும் அந்த நிமிஷம் அடங்கியது. அடித்தேன் பாருங்கள், 40 படம். பின்திரையில் பார்த்தால் கண்ணாடி மாதிரி. ஒரு புரொப்பெல்லருக்கு 8 இதழ். நாலெட்டு 32 இதழையும் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

எண்ண முடிந்ததுதான் கோளாறு. போர் விமானத்துக்காக நொடியில் 2000இல் ஒரு பங்கு என்று வைத்த ஷட்டர் வேகத்தை நான் மாற்றவே இல்லை. புரொப்பெல்லர் விமானத்துக்கு நொடியில் 250இல் ஒரு பங்கு, இல்லை அதற்கும் மெதுவாக வைக்க வேண்டும். அப்போதுதான் இதழ்கள் சுழல்கிற மாதிரி விழும். வேகமாக வைத்தால் அப்படியே உறைந்து நின்றுவிடும். தெரிந்த பாடம்தான். கை மறந்துவிட்டது.

அமுச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"ஏங் கண்ணு, நாலு விசிறியும் நிக்குதே. அவனுக்கும் கரண்டு போயிருச்சா?"

"இல்லைங்க அமுச்சி, அது சுத்திட்டுத்தான் இருந்துச்சு. நான் கேமராவுல..."

அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. கீழே ஒரு தறி, இரண்டு தறி, பன்னிரண்டு தறி. அமுச்சி காதில் கையைக் குவித்துக்கொண்டு கிட்டே வந்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன்:

"ரெண்டாயிரம்! ரெண்டாயிரம் வெச்சதுதான் தப்பு!"

"ரெண்டாயிரமா?" அமுச்சியின் முகம் மாறியது. லென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருநூறுன்னு சொன்னியே கண்ணு!"